வினோதமான பொருள்களும் பலகைகளும் சிலர் கண்ணில் மட்டும் படுவது எப்படி?

உங்கள் நண்பர் ஒருவர் எந்த ஊருக்குப் போனாலும் விசித்திரமான பலகை, எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு, சுவரில் பதிந்த புரியாத இரும்பு என்று படங்களோடு திரும்பி வருகிறார். அதே ஊருக்கு நீங்களும் போனீர்கள், அதே தெருக்களில் நடந்தீர்கள், ஒன்றும் தட்டுப்படவில்லை. எந்த கேமரா வாங்கலாம், எந்தச் செயலி உதவும், எந்த ஊரில் இப்படி அதிகம் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே கிடப்பதை எடுத்து வரலாமா என்றும், கூட வருபவர்கள் நின்று பார்க்க விடுவதில்லை என்றும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கேமராவையும் செயலியையும் விட்டுவிடுவோம், கையில் இருக்கும் போன் போதும். என் கண்ணுக்கு ஏன் படவில்லை, பழகினால் வருமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். பழகினால் வரும்.

நான் பல வருடம் நில அளவை வேலை பார்த்தவன். அந்த வேலையில் பெரும்பகுதி, நமக்கு முன்னால் வந்து அளந்த ஒருவர் விட்டுப்போன சின்னக் குறியைத் தேடுவதுதான். கல்லில் வெட்டிய ஒரு கோடு, தார்ச்சாலையில் அடித்த ஓர் ஆணி, பாலத்தின் ஓரத்தில் பதித்த ஒரு பித்தளை வட்டு. புல்லும் மண்ணும் சுண்ணாம்பும் மூடிக் கிடக்கும். அதைத் தேடித் தேடி நான் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்: வினோதத்தைக் கண்டுபிடிக்கும் ஆட்களுக்குக் கூர்மையான கண் இருப்பதாக நினைக்கிறோம், அவர்களிடம் உண்மையில் இருப்பது வழக்கமானது எது என்ற அறிவு. சாதாரணச் சுவர் எப்படி இருக்கும், சாதாரணப் பலகை எங்கே நிற்கும், என்ன நிறத்தில் இருக்கும் என்று தெரிந்தவர் கண்ணில், அதிலிருந்து விலகி நிற்பது தானாகவே உறுத்தும். தெரியாதவருக்கு எல்லாமே புதுசு, அதனால் எதுவுமே தனித்துத் தெரியாது.

முதலில் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டி, அதில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஓர் ஆள் வந்து, மார்பில் தட்டிவிட்டு, நிதானமாக நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்துக் கட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு குட்டி கொரில்லாவைச் செருகி வைத்திருந்தார்கள். 20 பேர் அதைப் பார்க்கவில்லை. கண்ணின் அசைவைப் பதிவு செய்து பார்த்ததில், அவர்களில் பெரும்பாலோர் அது இருந்த இடத்தை நேராகவே பார்த்திருந்தது தெரிந்தது. தொழில் தெரிந்தவருக்கே இந்தக் கதி. ஒன்றைத் தேடும்போது மற்றது மறைந்துபோகும், யாராயிருந்தாலும் சரி. பயணத்தில் நாம் ஓயாமல் எதையாவது தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்: பேருந்து எண், விடுதியின் பெயர், கழிப்பறை, போன் திரையில் நகரும் நீலப் புள்ளி. அந்த வேலை கையில் இருக்கும்வரை வேறு எதுவும் கண்ணில் ஏறாது. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாத ஓர் அரை மணி நேரமாவது தனியாக ஒதுக்குங்கள். போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள், படம் எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் 'வினோதமாக ஏதாவது கிடைக்குமா' என்று பார்க்காதீர்கள். ஒரே ஒரு சாதாரண வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேன்ஹோல் மூடி நல்ல தொடக்கம். எல்லா ஊரிலும் உண்டு, யாரும் பார்ப்பதில்லை, யாரும் தடுக்கவும் மாட்டார்கள். பெரும்பாலும் வட்டமாக இருக்கும், வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் அது தன் துளைக்குள் விழாது என்பது அதற்கு ஒரு காரணம். மேலே வார்த்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள்: தண்ணீரா, கழிவுநீரா, தொலைபேசியா, எந்த நிறுவனம், எந்தப் பட்டறை. பத்து மூடி பார்த்த பிறகு பதினொன்றாவது வேறு மாதிரி இருந்தால் உங்களை அறியாமலே கால் நிற்கும். இல்லாமல் போன ஒரு நகராட்சியின் பெயரோ, மூடிப்போன ஒரு கம்பெனியின் பெயரோ அதில் இருக்கலாம். ஜப்பானில் 1980-களிலிருந்து நகரங்கள் தங்கள் ஊரின் பூ, கோட்டை, மீன் என்று மூடிகளில் வார்த்து வண்ணம் பூசத் தொடங்கின. அங்கே முதல் நாள் எல்லா மூடியும் வினோதமாகத் தெரியும், மூன்றாம் நாள் ஒரு வெறும் மூடிதான் வினோதமாகத் தெரியும்.

சாலைக் குறிகளும் அப்படித்தான். 'நில்' பலகை உலகின் பெரும்பாலான நாடுகளில் சிவப்பு எண்கோணம். அந்த வடிவம் 1923-இல் அமெரிக்காவில் தொடங்கியது, அங்கே சிவப்பு நிறம் 1954-இல்தான் வந்தது. எட்டு மூலை இருப்பதால் பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது என்ன பலகை என்று தெரிந்துவிடும். இவ்வளவு தெரிந்துகொண்டு ஜப்பான் போனால், அங்கே அதே வேலையைத் தலைகீழான சிவப்பு முக்கோணம் செய்வது உடனே கண்ணில் படும். பெர்லினில் பாதசாரி விளக்கில் தொப்பி போட்ட மனிதன் நிற்பதும் அப்படியே. 1961-இல் கிழக்கு ஜெர்மனியில் கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் வரைந்தது அது. நாடு ஒன்றான பிறகு அதைக் கழற்றப் பார்த்தபோது மக்கள் எதிர்த்துக் காப்பாற்றினார்கள்.

இனி ஒரு சுவரின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம், ஏனென்றால் இந்தப் பழக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடம் செங்கல் வைத்து அடைத்திருப்பதைப் பார்க்கலாம். 1696 முதல் 1851 வரை அங்கே ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள், அது உறுதி. அதனால் அடைபட்ட ஜன்னல் ஒவ்வொன்றும் வரிக்குப் பயந்து அடைத்தது என்று வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். அடைப்பில் இருக்கும் செங்கல் சுற்றியிருக்கும் சுவரின் செங்கல்லைவிட நிறத்திலோ அளவிலோ மாறி, நான்கு ஓரமும் நேராகக் கத்தியால் வெட்டியதுபோல் சாந்துக் கோடு ஓடினால், கீழே பழைய ஜன்னலின் விளிம்புக்கல் தேய்ந்து கிடந்தால், ஒரு காலத்தில் திறந்திருந்ததைப் பிறகு அடைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். மாறாக, அதே செங்கல், அதே வரிசை, பக்கச் சுவரோடு பல்லுப்பல்லாகக் கோத்துப் போயிருந்தால் அது பிறந்ததிலிருந்தே மூடின ஜன்னல். உள்ளே புகைபோக்கியோ படிக்கட்டோ இருக்கும், வெளியே முகப்பு சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வடிவத்தை மட்டும் வைத்துக் கட்டியிருப்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது, கையில் எந்தப் புத்தகமும் இல்லாமல் இவ்வளவையும் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடலாம் என்பதுதான். ஆனால் பிற்காலத்தில் அடைத்தது என்று தெரிந்தாலும், வரிக்காக அடைத்ததா, உள்ளே அறையை மாற்றியபோது அடைத்ததா என்று சுவர் சொல்லாது. அதற்கு மேல் ஆவணம் வேண்டும்.

என் தொழிலைச் சேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் தேவாலயச் சுவர், பாலத்தின் கைப்பிடிச் சுவர், பழைய மதில் ஆகியவற்றின் அடியில், பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குப் பக்கத்தில், படுக்கையாக ஒரு கோடும் அதன் கீழே மேல்நோக்கிய அம்பாக மூன்று கோடுகளும் வெட்டியிருக்கும். பார்க்கிறவர்கள் ரகசியக் குறி என்கிறார்கள், கைதிகளின் அடையாளம் என்கிறார்கள். அது ஒரு பெஞ்ச் மார்க், மட்டக்குறி. மேலே இருக்கும் படுக்கைக் கோடுதான் முக்கியம், அந்தப் பள்ளத்தில் ஓர் இரும்புத் துண்டைச் செருகி அதன்மேல் அளவுகோலை நிறுத்துவோம். அந்தக் கோட்டின் நடுப்பகுதி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கடல் மட்டம் என்றால் 1915-லிருந்து 1921 வரை நியூலின் என்ற துறைமுகத்தில் அளந்த சராசரி. ஏறக்குறைய 5,00,000 குறிகள் இப்படி வைத்தார்கள், பழைய முறையில் கடைசியாக ஒன்றை வெட்டியது 1993-இல். இப்போது செயற்கைக்கோள் அந்த வேலையைச் செய்வதால் இவற்றை யாரும் பராமரிப்பதில்லை. சுவர் இடிந்தால் குறியும் போகிறது. அமெரிக்கத் தெருக்களில் தரையில் தெளித்திருக்கும் வண்ணக் கோடுகளும் கிறுக்கல் அல்ல. சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, இளஞ்சிவப்பு எங்கள் ஆட்கள் அளவைக்காகப் போட்டது. தோண்டுவதற்கு முன் மண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று மேலே வரைந்து வைக்கும் முறை அது. ஒருமுறை தெரிந்துகொண்டால் ஒரு சந்திப்பில் நின்றபடியே அடியில் போகும் குழாய்களைப் படித்துவிடலாம்.

எங்கும் போகாத படிக்கட்டைக் கேட்டீர்கள். இதற்கென்றே ஒருவர் இருந்தார், அகாசெகாவா கென்பெய் என்ற ஜப்பானியக் கலைஞர். 1972-இல் டோக்கியோவின் யோட்சுயா பகுதியில், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும், மேலே கதவே இல்லாத ஒரு படிக்கட்டைப் பார்த்தார். அவரைத் தொட்டது அதன் கைப்பிடி. உடைந்துபோன ஒரு பகுதியை யாரோ புதிய மரம் வைத்துச் சரிசெய்திருந்தார்கள். பயன் இல்லை, ஆனாலும் பராமரிக்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் அவர் தேடியது. பயனற்றுச் சிதைந்து கிடப்பது எங்கும் உண்டு, அதில் சொல்ல ஒன்றுமில்லை. 1986-இல் கட்டடக்கலை வரலாற்றாளர் ஃபுஜிமோரி தெருனோபு முதலியோருடன் சேர்ந்து தெருவைக் கவனிப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். சின்னச் சின்ன விஷயங்களையும் ஆய்வாளரின் அக்கறையோடு பதிவு செய்தார்கள். நீங்களும் பழுதுபார்த்த இடங்களைப் பாருங்கள் என்பேன். புதிய சாந்து, மாற்றிய பலகை, ஒட்டுப்போட்ட தளம், இரண்டு கட்டடங்கள் சேரும் இடுக்கு. யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுத்த இடங்கள் அவை. தரைத்தளத்தைக் கடைக்காரர்கள் அடிக்கடி மாற்றுவார்கள், மாடியை மாற்றுவதில்லை. அதனால் கழுத்தை நிமிர்த்தி இரண்டாம் மாடியைப் பாருங்கள். சுவரில் மங்கிப்போன பழைய வண்ண விளம்பரங்கள் அங்கேதான் மிச்சம் இருக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போதும், மழை பெய்து சுவர் ஈரமாக இருக்கும்போதும் நடுப்பகலில் தெரியாத எழுத்து தெரியும்.

பலகைகளுக்கு வருகிறேன். அவற்றை நான் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. வழக்கத்துக்கு மாறான எச்சரிக்கையைப் பார்த்தால், இங்கே முன்பு என்ன நடந்தது என்று கேட்பேன். 'இந்தக் குளத்தில் சைக்கிள் கழுவக் கூடாது' என்று யாரும் சும்மா எழுதி வைப்பதில்லை. அமெரிக்காவில் சான் டியேகோ அருகே ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில், ஓர் அப்பா, அம்மா, பின்னல் பறக்க அவர்கள் கையைப் பிடித்து இழுபட்டு ஓடும் ஒரு சிறுமி என்று மஞ்சள் பலகை இருந்தது. விலங்குகள் கடக்கும் என்று எச்சரிக்கும் அதே மஞ்சள் பலகையில் மனிதக் குடும்பம். எல்லை தாண்டி வந்தவர்கள் இருட்டில் சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டு இறந்ததால், சாலைத் துறையில் வேலை பார்த்த ஜான் ஹூட் என்ற ஓவியர் வரைந்தது. வெறும் எழுத்தைவிட ஓடும் உருவம் ஓட்டுநரின் மனசில் சட்டென்று ஏறும் என்று நினைத்தார்கள். அங்கே கடப்பது குறைந்த பிறகு பலகைகளைப் புதுப்பிக்கவில்லை, 2018 வாக்கில் கடைசியும் போய்விட்டது. சுற்றுலா வந்தவர்கள் அதன் படம் போட்ட சட்டை வாங்கிப் போனார்கள். அது யாருக்காக வைத்தது என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜப்பானில் அனெயோஷி என்ற கிராமத்தில், 1933-இல் வந்த சுனாமிக்குப் பிறகு, மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் செதுக்கியிருக்கிறது. 2011-இல் வந்த அலை அந்தக் கல்லுக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே நின்றது. கல்லுக்கு மேலே இருந்த வீடுகள் தப்பின. செக் நாட்டின் தேசின் நகரில், எல்பே ஆற்றுப் படுகையில் இன்னொரு கல் இருக்கிறது. ஆறு வற்றினால்தான் வெளியே தெரியும். வறட்சி வந்த ஆண்டுகளை அதில் வெட்டியிருக்கிறார்கள், படிக்க முடிகிறவற்றில் பழையது 1616. 'என்னைக் கண்டால் அழு' என்று ஜெர்மன் மொழியில் ஒரு வரியும் உண்டு. 2018 கோடையில் அது வெளியே வந்தது. இப்படிச் சில பலகைகள் பருவம் பார்த்துத்தான் தெரியும். அதனால் ஒருமுறை போன ஊரில் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எழுத்துப்பிழை, தப்பான மொழிபெயர்ப்பு உள்ள பலகைகளைப் பலர் சேகரிக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. தனக்குத் தெரியாத மொழியிலும் வருகிறவருக்கு உதவ முயன்ற ஒருவரின் உழைப்பு அது.

கதைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். வினோதமான பொருள் ஒன்று இருந்தால் அதன்மேல் ஒரு கதை வந்து உட்கார்ந்துவிடும், நல்ல கதையாக இருக்க இருக்கச் சந்தேகப்பட வேண்டும். லண்டனில் தெருவோரக் கம்பங்கள் பீரங்கி வடிவில் இருக்கும். டிரஃபால்கர் போரில் பிடித்த பிரெஞ்சு பீரங்கிகளைத் தலைகீழாக நட்டது என்பார்கள். பழைய பீரங்கியை நட்டதும் உண்டு, ஆனால் இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை அந்த வடிவத்தில் வார்த்த கம்பங்கள்தான். பழைய வீட்டுச் சுவர்களில் தீக்காப்பீட்டு நிறுவனங்களின் ஈயத் தகடுகள் இருக்கின்றன, சிலவற்றில் பாலிசி எண் கூட இருக்கும். அது உறுதி. தகடு இல்லாத வீடு எரிந்தால் தீயணைப்பவர்கள் கைகட்டி நின்றார்கள் என்ற கதைக்கு மட்டும் நம்பத்தகுந்த சான்று இல்லை. இன்னொரு பக்கம், நம்ப முடியாதது உண்மையாகவும் இருக்கும். லண்டனின் சில பழைய குடியிருப்புகளில் கம்பி வலை வைத்த வேலி, அதன் நீளக் குழாய்கள் இரண்டு முனைக்குப் பக்கத்திலும் ஒரு வளைவு வளைந்திருக்கும். வேலிக்கு அந்த வளைவு எதற்கு? இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களைத் தூக்கச் செய்த இரும்பு ஸ்ட்ரெச்சர்கள் அவை. தரையில் வைத்தால் கை நுழைத்துத் தூக்க இடம் வேண்டும் என்பதற்காக வைத்த கால்தான் அந்த வளைவு. போர் முடிந்ததும் நிமிர்த்திப் பற்றவைத்து வேலியாக்கிவிட்டார்கள். பொருளின் உடம்பிலேயே சான்று இருக்கும் கதையை நம்பலாம். நான் பார்க்கும் சோதனை அதுதான்: கதையை எடுத்துவிட்டாலும் அந்த வளைவோ துளையோ தேய்மானமோ அதையே சொல்கிறதா?

சில விஷயங்கள் தீர்க்கப்படாமலே இருக்கும், அதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 1980-களிலிருந்து ஃபிலடெல்ஃபியா முதலிய அமெரிக்க நகரங்களிலும் தென் அமெரிக்காவின் சில நகரங்களிலும், இறந்தவர்களை வியாழன் கோளில் உயிர்ப்பிப்பது பற்றிய வாசகத்தோடு சாலைத் தாரில் பதிந்த தகடுகள் கிடைத்தன. தரைவிரிப்பு லினோலியத்தை வெட்டி எழுத்தாக்கி, தார்க்காகிதம் மூடிச் சாலையில் போட்டுவிட்டால், வண்டிகள் ஏறி ஏறி அதைத் தாருக்குள் அமுக்கிவிடும். எப்படிச் செய்தார்கள் என்பது தெரியும். யார் என்பதில் வலுவான சந்தேகங்கள் உண்டு, உறுதி இல்லை.

கீழே கிடக்கும் பொருள்களுக்கும் இதே விதிதான், ஒன்றே ஒன்று கூடுதல்: ஒரே மாதிரிப் பொருள் திரும்பத் திரும்பக் கிடைத்தால் பொருளை விட்டுவிட்டு இடத்தைக் கேளுங்கள். பிரான்சின் பிரிட்டானி பகுதியின் கடற்கரையில் 1980-களிலிருந்து கார்ஃபீல்ட் என்ற கேலிச்சித்திரப் பூனையின் வடிவில் செய்த ஆரஞ்சு நிறத் தொலைபேசிகள் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. முப்பது வருடத்துக்கு மேல் யாருக்கும் மூலம் தெரியவில்லை. 2019-இல் உள்ளூர் விவசாயி ஒருவர், தான் பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கடல்குகைக்குள் கன்டெய்னர் சிக்கியிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் வற்றும் நேரத்தில் போய்ப் பார்த்தால், அது அங்கே இருந்தது. விடை இவ்வளவு காலமும் ஊரிலேயே ஒருவரிடம் இருந்திருக்கிறது. அதனால்தான் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள் என்கிறேன். அவருக்கு அது வினோதமே இல்லை என்பதால் தானாகச் சொல்ல மாட்டார். 1997 பிப்ரவரி 13 அன்று டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற சரக்குக் கப்பலிலிருந்து 62 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அதில் ஒன்றில் லெகோ என்ற பொம்மைக் கட்டைகளின் துண்டுகள் ஏறக்குறைய 48 லட்சம். கார்ன்வால் கரையில் இன்றும் அவை ஒதுங்குகின்றன.

எடுத்து வரலாமா? முதலில் உயிர் பற்றியது. தெரியாத உலோகத்தைத் தொடாதீர்கள், அது வெடிக்காத குண்டாக இருக்கலாம். பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் உழும்போது முதல் உலகப்போர் குண்டுகள் இன்னும் கிளம்பி வருகின்றன. பால்டிக் கடற்கரையில் அம்பர் என்ற கல்லாக இறுகிய மரப்பிசின் என்று நினைத்து வெள்ளைப் பாஸ்பரஸ் கட்டிகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டவர்கள் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும், பைக்குள் காய்ந்து உடம்புச் சூடு ஏறியதும் பற்றிக்கொள்ளும். அங்கே எது கிடைத்தாலும் ஒரு தகர டப்பாவில்தான் போட வேண்டும். அடுத்தது சட்டம். அது என் துறை அல்ல, நாட்டுக்கு நாடு மாறும், அந்தந்த இடத்தில் கேட்டுக்கொள்வதே வழி. எவ்வளவு மாறும் என்பதற்குச் சொல்கிறேன்: சார்டீனியாத் தீவில் கடற்கரை மணலை எடுத்தாலே 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் தேட உரிமம் வேண்டும், 300 வருடத்துக்கு மேல் பழையது கிடைத்தால் தெரிவிக்க வேண்டும்.

சட்டம் அனுமதித்தாலும் எடுக்காதீர்கள் என்றே நான் சொல்வேன், அதற்கான காரணத்தை அரிசோனாவில் உள்ள கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவில் பார்க்கலாம். கல்லாக மாறிய மரத்துண்டுகளை எடுத்துப் போனவர்கள், மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். பூங்காவால் அவற்றைத் திரும்ப இடத்தில் வைக்க முடிவதில்லை. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால், ஆய்வுக்கு அவை இனி உதவாது, ஒரு வழியோரத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மட்டக்குறியும் அப்படியே. பிடுங்கி எடுத்த பித்தளை வட்டு வெறும் பித்தளை. அது இருந்த இடம்தான் அதன் மதிப்பு. பலகையைக் கழற்றினால் அடுத்து வரும் ஓட்டுநருக்கு ஆபத்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எடுப்பதற்குப் பதிலாக ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். பலர் பொருளை மட்டும் கிட்டத்தில் எடுத்துவிட்டு வந்து, இது என்ன என்று கேட்கிறார்கள். அந்தப் படத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. முதலில் தெருவே தெரியும்படி தூரத்தில் ஒரு படம், பிறகு பொருளும் அது ஒட்டியிருக்கும் சுவரும், பிறகு கிட்டத்தில் அளவோடு ஒன்று. அளவுக்கு நாணயம் வேண்டாம், எந்த நாட்டு நாணயம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஏடிஎம் அட்டை அளவில் இருக்கும் அட்டைகள் உலகம் முழுக்க 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம். நூலக அட்டை மாதிரி எண் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லாத ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள், பலகைகளின் முதுகில் செய்த வருடமும் பட்டறையும் இருப்பதுண்டு. எந்தத் திசை பார்த்திருக்கிறது, தட்டினால் தகட்டிரும்பா வார்ப்பிரும்பா கல்லா, பக்கத்தில் இதேபோல் இன்னொன்று உண்டா என்று அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். ஒன்றே ஒன்று இருந்தால் ஊகம்தான் செய்யலாம், சம இடைவெளியில் மூன்று கிடைத்தால் அது ஓர் ஏற்பாடு, எதற்கென்று கண்டுபிடித்துவிடலாம். வீட்டு வாசலிலோ ஆட்கள் முகம் தெரியும்படியோ எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கூட வருபவர்கள் நிற்க விடுவதில்லை என்றீர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குப் பார்க்க வேறு இருக்கிறது. நான் செய்வது, மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் விடுதியைச் சுற்றி ஒரு நடை போய்விடுவது. தெருவில் ஒரு ஓரமாகப் போய், அதே தெருவில் எதிர் ஓரமாகத் திரும்பி வாருங்கள். போகும்போது முதுகு காட்டிய பலகைகள் வரும்போது முகம் காட்டும், வெயிலும் வேறு பக்கம் விழும். புதுத் தெருக்களைத் தேடி ஓடுவதைவிட இதில் அதிகம் கிடைக்கிறது. குழந்தைகள் கூட வந்தால் அவர்களிடம் மேன்ஹோல் மூடி வேலையை ஒப்படைத்துவிடுங்கள், அவர்கள் உயரத்துக்குத் தரை நம்மைவிடப் பக்கம். முதல் படங்கள் வந்ததும், தூரப் படமும் சேர்த்து இங்கே போடுங்கள். அளவைக் குறிகளாக இருந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன், செங்கல் வேலையும் வார்ப்பிரும்பும் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.